உறிஞ்சுகுழல் கேட்டவருக்கு இருபது நாள் வாய்தா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லால்குடியிலிருந்து எழுதுகிறேன். தபால் ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் பார்க்கின்சன் நோய் என்னவென்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குப் பதினோரு வருடம் இருந்தது.

போன வாரம் எங்கள் தெருவில் பேச்சுவாக்கில் ஸ்டேன் சுவாமியின் பெயர் வந்தது. "ஒண்ணும் இல்லாமலா உள்ள வச்சிருப்பாங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் நம் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு பல காலம் வாழ்ந்தவர். மாவோயிஸ்ட் என்று சொல்லி விசாரணைக் கைதிகளாகவே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஆதிவாசிகளுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர். மகாராஷ்டிராவில் பீமா கோரேகான் என்ற ஊரில் நடந்த வன்முறை தொடர்பான வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை 2020 அக்டோபர் 8ஆம் தேதி அவரை ராஞ்சியில் கைது செய்தது. பாய்ந்தது ஊபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். அப்போது அவருக்கு வயது 83. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள தலோஜா சிறையில் அடைத்தார்கள்.

நவம்பர் 6ஆம் தேதி கோர்ட்டில் ஒரு மனு போட்டார். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும், மூக்கு வைத்த குவளையான சிப்பரும் வேண்டும், கை நடுங்குவதால் டம்ளர் பிடிக்க முடியவில்லை என்று. பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் கேட்டது புலனாய்வு முகமை. 26ஆம் தேதி, அவருடைய சிப்பரைத் தாங்கள் எடுக்கவே இல்லை என்று சொன்னது. நாட்டின் பல மூலைகளிலிருந்து ஜனங்கள் அவருக்காக சிப்பர் வாங்கி அனுப்பினார்கள்.

இருபது நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் காபி டம்ளரை எடுத்தால் பாதி வேட்டியில்தான் போகும். சூடு பட்டுத் தொடையில் கொப்பளம் வந்த பிறகு மெயின்கார்டு கேட் பக்கம் போய் மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளை வாங்கி வந்தேன். மாத்திரை அரைமணி நேரம் தள்ளிப்போனால் மனிதர் அப்படியே உறைந்து நிற்பார். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பொத்தான் போட, படுக்கையில் புரண்டு படுக்க, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். தாகம் எடுத்தாலும் கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார். சொந்த வீட்டிலேயே இந்தக் கதி. தலோஜாவில் அந்தப் பெரியவருக்குச் சோறு ஊட்டியதும் குளிக்க உதவியதும் அதே வழக்கில் உள்ளே இருந்த சக கைதிகள். அதை அவரே கடிதத்தில் எழுதியிருந்தார்.

சரி, ஜாமீன் ஏன் கிடைக்கவில்லை? ஊபாவில் 43டி(5) என்று ஒரு பிரிவு. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் சேர்த்தது. போலீஸ் தரப்புக் காகிதங்களைப் படித்து, மேலோட்டமாகப் பார்த்தால் உண்மை என்று நீதிபதி கருதினாலே ஜாமீன் கிடையாது. அந்தச் சாட்சியம் நிற்குமா என்று ஜாமீன் கட்டத்தில் ஆழமாக அலசக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அலச வேண்டியது விசாரணையில். அந்த விசாரணைதான் தொடங்குவதே இல்லையே!

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நஜீப் என்ற இன்னொரு ஊபா கைதியின் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பும் கொடுத்தது. விசாரணை முடியும் வழி தெரியாமல் ஒருவர் வெகுகாலம் சிறையில் கிடந்தால், 43டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்று. ஆனால் நஜீப் அதற்குள் ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். 83 வயதுக்காரர் ஐந்து வருடத்துக்கு எங்கே போவார்? மார்ச் 22ஆம் தேதி ஸ்டேன் சுவாமியின் ஜாமீன் மனு தள்ளுபடியானது.

மே மாதம் வீடியோ வழியாக மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் பேசினார். சிறைக்கு வந்தபோது தானே சாப்பிடவும் நடக்கவும் குளிக்கவும் முடிந்தது, இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். தன் மக்களோடு ராஞ்சியில் இருந்தால் போதும் என்றார். ஜூலை தொடக்கத்தில் அந்த 43டி(5) பிரிவையே எதிர்த்து மனு போட்டார். ஜூலை 5ஆம் தேதி, ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாளில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அப்புறம், 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் நிறுவனம் அவருடைய கம்ப்யூட்டரின் நகலை ஆராய்ந்து, அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று அறிக்கை தந்தது. அது சரியா தவறா என்று குறுக்கு விசாரணை செய்து பார்க்க வேண்டிய இடம் கோர்ட்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். "ஒண்ணும் இல்லாமலா" என்று அவர் கேட்கிறார். இருந்ததா இல்லையா என்று அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை யாரும் விசாரிக்கவே இல்லை.

குண்டு வைக்கிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை. மும்பைத் தாக்குதலின்போது நானும் டிவி முன்னால் அழுதுகொண்டிருந்தவள்தான். வழக்கை நடத்துங்கள், நிரூபியுங்கள், தண்டியுங்கள். பொடா என்கிற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வைகோ வேலூர் சிறையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு மேடைப் பேச்சுக்காக! 2004இல் பொடாவை நீக்கியபோது நிம்மதியாக இருந்தது. அதே வருடம் அதன் பல பிரிவுகள் ஊபாவுக்குள் போய் உட்கார்ந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

நம் எம்.பி.க்கள் 43டி(5)ஐ நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேச வேண்டும். இத்தனை மாதத்துக்குள் விசாரணையைத் தொடங்காவிட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்றாவது சட்டத்தில் எழுத வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒருவரை ஊபாவில் பிடித்தால் முதல் பக்கத்தில் படத்தோடு போடுகிறீர்கள். அவருடைய வழக்கு என்ன ஆனது, விசாரணை தொடங்கியதா, எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார் என்பதையும் அவ்வப்போது அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லால்குடி