4கே டிவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரும் புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்

பொருள்: உண்மையை மறைத்து 55 இன்ச் 4கே டிவி விற்றது தொடர்பாக

ஐயா / அம்மா,

மீன்பிடித் தடைக்காலத்துக்குச் சற்று முன்பு இராமநாதபுரத்தில் உள்ள உங்கள் ஷோரூமில் இந்த டிவியை வாங்கினோம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் படம் பார்க்கட்டும் என்று வாங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 43 இன்ச் ஃபுல் எச்டி டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தோம். உப்புக்காற்றில் மின்சாமான்கள் சீக்கிரம் அரித்துப்போகிற ஊர் எங்களுடையது. பழுதில்லாத டிவியை இங்கே யாரும் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். "எந்தச் சேனல் போட்டாலும் நாலு மடங்கு தெளிவா இருக்கும்" என்று உங்கள் விற்பனையாளர் உறுதியாகச் சொன்னதால்தான் கொடுத்தோம்.

வீட்டில் மாட்டிய அன்றே படம் பழைய டிவியைவிட மோசமாக இருந்தது. சீரியலில் முகங்கள் குழைந்து தெரிகின்றன. புயல் செய்தி வரும்போது கீழே ஓடும் எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கலாக இருக்கிறது. உங்கள் சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "டிவியில் பழுதில்லை, உங்கள் கேபிள்தான் அப்படி" என்றார். சரி, அதை விற்கும்போது ஏன் சொல்லவில்லை? என் புகாரே அதுதான்.

எங்கள் செட்டாப் பாக்ஸில் வருபவை பெரும்பாலும் எஸ்டி, அதாவது எச்டி இல்லாத சாதாரணத் தரச் சேனல்கள். அந்தப் படத்தில் அகலத்தில் 720, உயரத்தில் 576 என ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள்தான் இருக்கும். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20 லட்சம், 4கே திரையில் சுமார் 83 லட்சம். அதாவது பழைய டிவி ஒரு புள்ளியை 5 ஆக நிரப்பியது. உங்கள் டிவி 20 ஆக நிரப்ப வேண்டும். வராத நுணுக்கத்தை எந்தத் திரையும் உண்டாக்க முடியாது. திரை பெரிதானதால் குறைகளும் பெரிதாகத் தெரிகின்றன. ஷோரூமில் நீங்கள் காட்டியதோ பென்டிரைவில் இருந்த 4கே காட்சி. கேபிள் போட்டுக் காட்டச் சொன்னபோது இணைப்பு இல்லை என்றார்கள்.

நெட்டில் பார்க்கலாமே என்பது உங்கள் அடுத்த பதில். நெட்பிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. எங்கள் தெருவில் செல்போன் சிக்னலை நம்பித்தான் நெட். சாயங்காலமானால் சாதாரண வீடியோவே சுற்றிக்கொண்டு நிற்கும்.

அப்புறம், உட்காரும் தூரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சாதாரணக் கண்பார்வை உள்ளவர் 55 இன்ச் திரையிலிருந்து ஏறக்குறைய 7 அடிக்குள் உட்கார்ந்தால்தான் ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரியும். அப்பாவும் அம்மாவும் உட்காருவது 10 அடிக்கு அப்பால். நல்ல ஃபைபர் இணைப்பும், பெரிய திரைக்குப் பக்கத்தில் உட்காரும் வசதியும் உள்ளவர்களுக்கு 4கே நல்ல பொருள்தான், அதை மறுக்கவில்லை. எங்களைப் போன்ற வீட்டுக்கு அது வீண் செலவு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குச் சொல்லவில்லை. இதற்கு நடுவில், 4கேயைவிட இன்னும் அதிகப் புள்ளிகள் உள்ள 8கே டிவிக்கு மாறச் சொல்லி உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வேறு வருகிறது! 4கேக்கும் 8கேக்கும் வித்தியாசம் தெரிய இதே அளவு திரைக்கு மூன்றரை அடி தூரத்தில் உட்கார வேண்டும்.

டிவியை எடுத்துக்கொண்டு நாங்கள் கட்டிய முழுத் தொகையையும், எக்ஸ்சேஞ்சில் கழித்த பழைய டிவியின் மதிப்பையும் திருப்பித் தர வேண்டும். உங்கள் ஷோரூமில் ஒரு டிவியிலாவது சாதாரண கேபிள் சேனல் ஓட வேண்டும். வீட்டில் என்ன இணைப்பு, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்று கேட்டுவிட்டு விற்கச் சொல்லுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்தும் ஆட்கள் உங்கள் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் பணமும் கடலில் உழைத்த பணம்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற வணிக நடைமுறை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். ரசீது, எக்ஸ்சேஞ்ச் சீட்டு, சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்