சிப்பாயை யாரிடமும் கொடுப்பதாக இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், நாய் சிப்பாய், பூனை ஜில்லு எல்லோரும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலந்தானே?

போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டுவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நீ சொன்னதை மறக்கவில்லை. அப்பாவும் இல்லாத வீட்டில் தனியாக எதற்கு, பூட்டிவிட்டு பெங்களூருக்கு வந்துவிடு, நாயை யாரிடமாவது கொடுத்துவிடு, பூனை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நல்ல மனசோடு சொன்னாய். ஆனால் அந்த நாயைத் திருவையாறு பஸ் ஸ்டாண்டிலிருந்து துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தது யாரடி? காலேஜ் லீவில் வந்தவள், "ஒரு வாரம் வச்சுக்கம்மா, அப்புறம் நான் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயிடுறேன்" என்றாய். எந்த ஹாஸ்டலில் நாயைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நானும் அப்போது கேட்கவில்லை. உன் கல்யாணமும் ஆகி, பேரனும் பிறந்து, இன்னும் அந்த ஒரு வாரம் முடியவில்லை.

காலையில் எழுந்தால் விரலை மடக்க முடிவதில்லை. முட்டி கடகடவென்கிறது. அந்த லெட்ரோசோல் மாத்திரை செய்கிற வேலை. தீட்டு நின்ற பெண்களுக்கு உடம்பில் மிச்சம் ஊறுகிற ஈஸ்ட்ரோஜனையும் ஊறவிடாமல் தடுக்கும். மார்பில் எடுத்த கேன்சர் கட்டி திரும்ப வராமல் இருக்க ஐந்து வருஷம் போடச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே மூட்டைப் பிடித்துக்கொள்ளும், எலும்பையும் அரிக்கும். அதற்குத்தான் கால்சியமும் எலும்பு ஸ்கேனும். "தினம் நடங்கம்மா, நடந்தா வலியும் குறையும், எலும்புக்கும் நல்லது" என்றார் டாக்டரம்மா. நடக்கச் சொல்ல அவர் இருக்கிறார், எழுப்பிவிட யார் இருக்கிறார்கள்? சிப்பாய்தான். ஐந்தரைக்கெல்லாம் கட்டிலோரம் வந்து நின்று என் முகத்தில் மூச்சு விடுவான். குரைக்க மாட்டான். அந்த நாற்றத்திலேயே எழுந்துவிடுவேன்.

குடமுருட்டி ஆற்றங்கரையோடு மதகு வரைக்கும் போய்த் திரும்புவோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணையைத் தாண்டி இங்கே தண்ணீர் வந்து சேர்ந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வறண்ட மணலில் ஓடிப் பழகியவன், முதல் நாள் தண்ணீரைப் பார்த்துக் குரைத்தான். மறுநாள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். குறுவை நடவு நடக்கிற வயல்களில் டிராக்டர் பின்னாலேயே கொக்குகள் வரும், கொக்குகள் பின்னால் இவன். டிராக்டர் ஓட்டுகிற பையன்களில் பாதிப் பேர் என் பால்வாடியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தவர்கள். ஆபரேஷன் ஆன புதிதில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கி, "உடம்பு இப்ப எப்படி இருக்கு டீச்சர்" என்று இழுத்து இழுத்துக் கேட்பார்கள். இப்போது, "உங்க நாய் நாத்தை மிதிக்குது டீச்சர், கூப்பிடுங்க" என்று வண்டியில் இருந்தபடியே கத்துகிறார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது.

நாலு மணிக்கு மேல் நம் திண்ணையில் தாயம். தையல்காரச் சித்தி, பூக்காரப் பெரியம்மா, குருக்கள் வீட்டு மாமி, நான். இதில் பெரியம்மா செய்கிற அக்கிரமத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. தாயம் விழாமல் காய் இறங்காது இல்லையா, அவருக்கு மட்டும் முதல் உருட்டிலேயே விழும். கட்டையை உருட்டாமல் வைக்கிறார் என்பது என் கட்சி. மாமி ஆசாரமாகப் பேசுவார், ஆனால் மலையேறப் போகிற காயை ஒரு கட்டம் முன்னால் வெட்டுவதில் அவருக்குக் கருணையே கிடையாது. போன வாரம் என் காய் பழுக்க ஒரே ஒரு தாயம்தான் பாக்கி. அஞ்சு விழுகிறது, ஆறு விழுகிறது, பன்னிரண்டுகூட விழுகிறது, தாயம் வருவேனா என்கிறது. அதற்குள் சித்தி எல்லாக் காயையும் பழுக்க வைத்துவிட்டு எழுந்து காபி போடப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி வரை எனக்கு ஆற்றாமை. படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, இந்த வருஷத்தில் இதைவிடப் பெரிய கவலை எனக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

எல்லோரும் இப்படியே இருந்தார்கள் என்று சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி வந்தது. ஒட்டுவாரொட்டியா என்று அடுப்படியில் கேட்டதும் என் காதில் விழுந்தது. யார் வீடு என்று நீ கேட்காதே, நீ சண்டைக்குப் போவாய்.

சித்தி தைத்துக் கொடுத்த பஞ்சுப் பையைப் பற்றி உன்னிடம் சொல்லவே இல்லை. எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் சிலிக்கான் ஒன்று காட்டினார்கள். விலையைக் கேட்டு வைத்துவிட்டேன், வெயிலுக்கும் அது வேகும். சித்தி உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, இலவம்பஞ்சு அடைத்து, ஒரு பக்கத்து அளவுக்குத் தைத்துக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால் கனமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டு கழுத்தைப் பார்த்துப் போகிறது. "இரு, வெயிட்டு வைக்கிறேன்" என்று எடுத்துப் போய் உள்ளே ரெண்டு பிடி கேழ்வரகு போட்டுத் தைத்தாள். சரியாக உட்கார்ந்தது. துவைத்துக் கொடியில் போட்டேன், காற்றில் கீழே விழுந்திருக்கிறது, பெரியம்மா வீட்டுக் கோழிகள் மொத்தமும் வந்து கொத்திக் கிழித்துவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா கோழியைத் திட்ட, இந்தப் பக்கம் நானும் சித்தியும் சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் போட்ட இடமே வலித்தது. இப்போது உள்ளே பாசிமணி. கோழிக்கு அதில் ஆர்வம் இல்லை.

ஜில்லு விஷயத்துக்கு வருகிறேன். என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பு என்று மாதக் கணக்காகக் கேட்கிறாய். அந்த ஃபைல் கீழ் அலமாரியில் இருந்தது. அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாது. அவள் அதன் மேலேயே மூன்று குட்டி போட்டுவிட்டாள். பயாப்ஸி ரிப்போர்ட்டை இனி யாரும் படிக்க முடியாது. எக்ஸ்ரேக்கள் பரவாயில்லை, துடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லாமே அவர்கள் கணக்கில் இருக்கிறது, பயப்படாதே. ஒரு குட்டியை மாமி கேட்டிருக்கிறார், வீட்டில் எலித் தொல்லையாம். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

நீ பயப்படுகிற விஷயம் எனக்கும் தெரியும். இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் அந்தக் கையில் நீர் வடியும் வழி குறைவு. கீறல் பட்டுக் கிருமி புகுந்தால் கை முழுக்கச் சிவந்து வீங்கிவிடும். பூனை நகம் என்றால் சும்மாவா. அதற்காக பூனையே கூடாது என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. மருந்து ஏற்றிய மாதங்களில், வெள்ளை அணு குறைகிற நாட்கள் என்பதால், சிப்பாயைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தேன். அது அப்போது. இப்போது ஜில்லுவை வலது பக்கமாகத்தான் தூக்குவேன். அழுக்கு அள்ளும்போது கையுறை. கீறிவிட்டால் உடனே குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுவேன். சிவப்பு தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருப்பதில்லை. இரண்டு பேருக்கும் வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம் கால்நடை மருந்தகத்தில் போட்டாகிறது, சீட்டு இருக்கிறது. பிரஷர் பார்ப்பதும் ஊசி போடுவதும் வலது கையில்தான், நர்ஸ் மறந்தாலும் நான் மறப்பதில்லை.

மீன் ஆய்வதில்கூட ஏற்பாடு வந்துவிட்டது. கெண்டை என்றால் நானே அருவாமனை போட்டுச் சாம்பல் தொட்டு ஆய்ந்துவிடுவேன். கெளுத்தி வந்தால் சித்தி. அதன் முள் குத்தினால் நல்ல கைக்கே கடுக்கும். அவள் ஆயும்போது ஜில்லு கண்ணை மூடி, வேறு ஏதோ யோசிப்பதுபோல உட்கார்ந்திருப்பாள். தலை தனியாக விழுந்த அடுத்த நொடி, தலையும் இருக்காது, ஜில்லுவும் இருக்க மாட்டாள். குழம்பு கொதிக்கிற வாசனை எனக்குத் திரும்ப வந்ததே பெரிய விஷயம் பாப்பா. மருந்து ஏறிய காலத்தில் தண்ணீர்கூட இரும்பைச் சப்புகிற மாதிரி இருந்ததே. புளியும் மிளகாயும் நாக்கில் தனித்தனியாகத் தெரிந்த அன்று நான் யாருக்கும் சொல்லாமல் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

செக்கப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நான் நிறுத்த மாட்டேன். புதுக்கோட்டைக்கார டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா, கூடப் பிறந்த தங்கச்சியைக் கேன்சருக்குக் கொடுத்துவிட்டு, அதை மனசில் வைத்திருந்து 1954-ல் ஆரம்பித்த இடம் அது. எனக்கு அங்கே ஒரு நம்பிக்கை. கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுத்தால் ஸ்லீப்பரில் எனக்கு டிக்கெட் காசு கிடையாது, கூட வருகிற ஒருவருக்குக் கால் பங்குதான். அந்தக் கால் பங்கு டிக்கெட் யாருக்கு என்று மூன்று பேருக்குள்ளும் போன தடவை பேச்சுவார்த்தை முறிந்து, கடைசியில் எல்லோருமே கிளம்பிவிட்டோம். மிச்சம் இருக்கிற பக்கத்துக்கு மம்மோகிராம் எடுத்து முடித்து, கபாலீசுவரர் கோயில், அப்புறம் மெரினா. பெரியம்மா கடலை முதல்முறையாகப் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணி இருக்கு, ஒரு மடைக்கு உதவுமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பயம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். செக்கப்புக்கு முந்தின வாரம் தூக்கம் வராது. குளிக்கும்போது கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். முதுகு வலித்தால் தண்ணீர்க் குடம் தூக்கியதால்தானா என்று மனசு கணக்குப் போடும். அந்த ராத்திரிகளில் எழுந்து திண்ணைக்கு வந்துவிடுவேன். சிப்பாய் வந்து என் பாதத்தின் மேல் மொத்த உடம்பையும் போட்டுப் படுப்பான். கால் மரத்துப்போகும், எடுக்க மனசு வராது. உன் ஒன்பதாவது மாடியில் அந்த நேரத்தில் நான் எங்கே போய் உட்காருவேன்? ஹாலில் விளக்கைப் போட்டால் நீ எழுந்து வந்து, "என்னம்மா பண்ணுது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா" என்பாய். நீ வெசனப்படுவாயே என்று எனக்கு ஒன்றும் இல்லை என்பேன். அங்கே நாள் முழுக்க நான் நோயாளியாக இருக்க வேண்டியிருக்கும் பாப்பா. இங்கே மாத்திரை போடுகிற நேரத்தில் மட்டும் இருந்தால் போதும்.

அதனால் நான் வீட்டைப் பூட்டுவதாக இல்லை, சிப்பாயை யாரிடமும் கொடுப்பதாகவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. தீபாவளி முடிந்து அடைமழை ஓய்ந்ததும் பேரனைப் பார்க்க வந்து பத்து நாள் இருக்கிறேன். அந்தப் பத்து நாளும் நாய்க்குப் பெரியம்மா, பூனைக்கு மாமி என்று பேசியாகிவிட்டது. தினம் ராத்திரி கூப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் "உடம்பு எப்படி" என்று மட்டும் ஆரம்பிக்காதே. தாயத்தில் யார் ஜெயித்தது என்று கேள், உடம்பைப் பற்றி நானே சொல்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு நீங்கள் வருவதாகச் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போகிறோம். புளியோதரை மாமி, தேங்காய்ச் சாதம் நான், காப்பரிசி பெரியம்மா. மஞ்சள் கயிறு எனக்கு வலது கையில்தான், அதுவும் தளர்த்தியாகத்தான் கட்ட வேண்டும் என்று சித்தி இப்போதே எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள். பேரனுக்குச் சப்பரம் சித்தி வீட்டுக்காரர் செய்து வைத்திருக்கிறார், சக்கரம் மட்டும் பாக்கி.

வரும்போது கைக்குப் போடுகிற அந்த இறுக்க உறை ஒன்று வாங்கி வா, பழையது தளர்ந்துவிட்டது. அளவு எடுத்துத் தனியாகத் தாளில் வைத்திருக்கிறேன். பூனைக்குட்டிகளுக்குப் பூச்சி மருந்து அங்கே நல்லதாகக் கிடைக்குமா என்று விசாரி. இனிப்பு எதுவும் வேண்டாம், திருவையாற்றில் இல்லாத அசோகாவா. மாப்பிள்ளைக்கு நாய் என்றால் பயம் என்பது நினைவிருக்கிறது. அவர் இருக்கிறவரை சிப்பாயைக் கட்டிப்போடுகிறேன் என்று சொல். பகலில் மட்டும் என்பதை நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா