கஜபாகு தகவற்பலகையைத் திருத்தக் கோரும் மூன்றாவது மனு

பொறுப்பதிகாரி அவர்கட்கு,
திருகோணமலை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பெப்ரவரியிலும் ஜூனிலும் பதிவுத்தபாலில் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. இலங்கைக் கடற்படையின் கஜபாகு கப்பல் பற்றி வாசலில் நிற்கும் அந்தப் பலகையைத் தாங்கள் தினமும் கடந்துதான் உள்ளே போகிறீர்கள். ஆகவே இடத்தை விளக்கவில்லை. பிழைகளை மட்டும் பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. 1959 இல் வந்த கஜபாகு வேறு, 2019 இல் வந்த கஜபாகு வேறு. பலகை இரண்டையும் ஒரே கப்பலாக்கிவிட்டது.

2. முதலாவது, மொன்றியலில் கனேடியன் விக்கர்ஸ் கட்டிய ரிவர் வகுப்புப் பிரிகேட், அதாவது துணைக்காவல் போர்க்கப்பல். 1944 இல் கனேடியக் கடற்படையின் 'ஹாலோவெல்', இலக்கம் கே 666. போர் முடிந்ததும் விற்கப்பட்டு 'ஷரோன்' என்ற பயணிகள் கப்பலானது. 1952 இல் இஸ்ரேல் கடற்படை அதை மறுபடி போர்க்கப்பலாக்கி 'மிஸ்னாக்' என்றது. அதன் பிறகே இலங்கை. ஷரோனும் மிஸ்னாக்கும் பலகையில் இல்லவே இல்லை.

3. எல்லாவற்றிலும் நோகிறது இதுதான், ஐயா. கனடாக் காலத்து 'ஹெட்ஜ்ஹாக்' என்ற, நீர்மூழ்கிகளைத் தாக்கும் குண்டெறிகருவியை இலங்கைக் கஜபாகுவின் ஆயுதம் என்று எழுதியிருக்கிறது. பயணிகளை ஏற்றிய கப்பலில் அது எப்படி இருந்திருக்கும்? இடையில் ஷரோனை விட்டதால் வந்த வினை. அடுத்த வரி அதைவிட மோசம்: எந்திரம் 'காஸ் டர்பைன்' (வாயுச்சுழலி) என்கிறது! ரிவர் வகுப்பில் இருந்தவை இரண்டு நீராவி முசல (பிஸ்டன்) எந்திரங்கள். நீராவி உயர், இடை, தாழ் அழுத்த உருளைகளில் படிப்படியாக விரியும். இரு சுழல்தண்டுகள், 5500 குதிரைவலு, சுமார் 20 நொட் வேகம். காஸ் டர்பைன் இரண்டாவது கஜபாகுவுடையது. அது 1968 இல் சேவைக்கு வந்த அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் 'ஷெர்மன்'. 2018 இல் இலங்கைக்குக் கைமாறி, 2019 ஜூன் 6 இல் பி 626 என்ற இலக்கத்துடன் கஜபாகு ஆனது. 1959 இல் வந்த கப்பலுக்கு 1968 ஆம் ஆண்டு எந்திரமா? பாடசாலைப் பிள்ளைகள் இதைச் செயற்றிட்டக் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டு போகிறார்கள். இன்னும் எத்தனை தவணை போக வேண்டும்?

4. பலகையை நடுவே பிரித்து, இரு கப்பல்களுக்கும் இலக்கம், கட்டிய தளம், பழைய பெயர்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் எழுதினால் போதும். ஸ்டிக்கர் வேண்டாம், உப்புக் காற்றில் ஓரம் கிளம்பிவிடும். அலுமினியத் தகட்டில் எனாமல் பெயின்ற்.

5. அதுவரை ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிடுங்கள். அதையாவது செய்யுங்கள், ஐயா.

பலகையைத் திருத்தித் தருமாறு மீண்டும் தயவாய்க் கேட்கிறோம்.

இங்ஙனம்,
கப்பல் வரலாற்று ஆர்வலர்கள்