பச்சைப் பலகையைத் திருப்பி மாட்டுங்கள்

நம் பாரம்பரிய ரயில்பாதையின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். முதல் நடைமேடையில் போன வாரம் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை, செய்ததே நீங்கள்தான். நிலையத்தின் பச்சை எனாமல் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக்கில் அச்சடித்த ஒன்று தொங்குகிறது. அதுவும் மெரூன் நிறத்தில்!

நம்முடையது சதர்ன் பிராந்தியத்து நிலையம். 1948-இல் பிறந்த பிரிட்டிஷ் ரயில்வே தன் ஆறு பிராந்தியங்களுக்கும் ஆளுக்கொரு நிறம் கொடுத்தது. சதர்னுக்குப் பச்சை, வெஸ்டர்னுக்குச் சாக்லேட் பழுப்பு, ஸ்காட்லாந்துக்கு வெளிர்நீலம். மெரூன் லண்டன் மிட்லண்டுக்கு உரியது. அந்த நாளில் தூங்கி எழுந்த பயணிக்கு ஊர்ப் பெயரைப் படிக்கும் முன்பே எந்தப் பக்கம் வந்திருக்கிறோம் என்று புரியும். "போட்டோவில் எடுப்பாக இருக்கும்" என்றார் உங்களில் ஒருவர். சரி, அப்படியென்றால் நீல நிற நீராவி எஞ்சின் மல்லார்டுக்கும் மெரூன் அடித்துவிடலாமே. யார்க் அருங்காட்சியகத்தில் இருப்பதால் பிழைத்தது.

அந்தப் பச்சைப் பலகை ஒரு வீட்டுத் தோட்டத்தில் உரக்குழிக்குத் தடுப்பாகக் கிடந்தது. நம் மூத்த தன்னார்வலர்தான் அதைக் கேட்டு வாங்கி வந்தார். கை நடுங்கும் வயதில், ஒரு குளிர்காலம் முழுக்கப் பஞ்சும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்து வெளியே கொண்டுவந்தார். சனிக்கிழமை பிளாஸ்கோடு வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். தேநீரைக்கூட ஊற்றவில்லை.

பலகை இப்போது பின்கொட்டகையில், துடைப்பங்களுக்கு நடுவே சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. திருகு ஓட்டையைச் சுற்றி ஒரு பென்னி நாணய அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. ஒரு முறை விண்டுவிட்டால் ஈரம் அடியில் புகுந்து துரு பரவும். கொட்டகைக் கூரை ஒழுகுவது உங்களுக்கும் தெரியும். அதைத் திருப்பி மாட்டுங்கள்.

கடையைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்டின் படத்துக்குக் கீழே, 1965-இல் வந்த பிரிட்டிஷ் ரயிலின் இரட்டை அம்புச் சின்னம் போட்ட கோப்பைகளை விற்கிறோம். பழைய ரயில்வே எழுத்துருவான கில் சான்ஸ் இருந்த கழிவறைப் பலகையில் இப்போது கணினியில் முதலில் கிடைத்த எழுத்து. அது போகட்டும், இன்னொரு நாள் சண்டை போடலாம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தயவுசெய்து பச்சைப் பலகையை அதன் இடத்தில் மாட்ட அனுமதி கொடுங்கள். வரும் சனிக்கிழமை ஏணியும் பித்தளைத் திருகுகளும் நானே கொண்டுவருகிறேன். கொட்டகைச் சாவி மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டிக்கெட் பரிசோதகத் தன்னார்வலன்