தெரிந்த வேலையைத் தொடங்க முடியாதவர்களுக்கு ஏ.ஐ.

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதற்கெடுத்தாலும் ஏ.ஐ.யிடம் கேட்கும் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற கவலை வாசகர் கடிதங்களில் அடிக்கடி தென்படுகிறது. கட்டுரையையும் கணக்கையும் அதனிடம் எழுதி வாங்குவோரைப் பற்றி அப்படிச் சொன்னால் நாங்கள் மறுக்க மாட்டோம். ஆனால் ஏ.டி.எச்.டி. (கவனத்தை நிலைநிறுத்துவதில் சிரமம், மிகைத் துறுதுறுப்பு), ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ளவர்களில் பலர் அதனிடம் விடை கேட்பதில்லை. தெரிந்த வேலையை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் கேட்கிறார்கள். அந்த இடத்தில் இந்தக் கருவி நன்றாகவே உதவும். கேட்கும் முறை தவறினால் அதே இடத்தில் கெடுக்கவும் செய்யும்.

திட்டமிடுவது, தொடங்குவது, நேரம் ஓடுவதை உணர்வது, செய்ய வேண்டியதை மனதில் பிடித்து வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகியவற்றை மூளையின் நிர்வாகத் திறன்கள் என்கிறோம். புத்திசாலித்தனமும் இதுவும் ஒன்றல்ல. ஏ.டி.எச்.டி.யில் குறை அறிவில் இல்லை, அறிந்ததை அந்த நேரத்தில் செய்து முடிப்பதில்தான் இருக்கிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவர் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி. அதனால்தான் "எத்தனை தடவை சொல்வது?" என்று வீட்டில் எத்தனை தடவை கேட்டாலும் பலன் இருப்பதில்லை. உதவி, வேலை நடக்கும் மேசைக்கே வர வேண்டும்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, "ரெக்கார்டு நோட்டு முடிக்க ஒரு திட்டம் போட்டுக் கொடு" என்று மொட்டையாகக் கேட்பது. உடனே 15 படிகள், ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள், முடிவில் "போதுமான தூக்கம் அவசியம்" என்ற உபதேசம் என்று பதில் நீளும். தொடங்க முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பட்டியலே தொடங்க முடியாத இன்னொரு வேலை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் 4 சோதனைகள் எழுத வேண்டும். நாளை மறுநாள் காலை 9 மணிக்குக் கொடுக்க வேண்டும். இன்று இரவு 7 முதல் 9 வரை, நாளை மாலை 6 முதல் 9 வரை நேரம் இருக்கிறது. அளவீடுகள் கையில் உள்ளன. வரைபடத் தாள் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் சொல். எந்தப் படியும் 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல் படி 2 நிமிடத்தில் முடிய வேண்டும். நான் 'முடிந்தது' என்று சொன்ன பிறகு அடுத்ததைச் சொல். நான் கேட்காத வேலை எதையும் சேர்க்காதே."

இதில் கெடு இருக்கிறது, உண்மையில் கிடைக்கும் நேரம் இருக்கிறது, கையில் இருப்பதும் இல்லாததும் இருக்கின்றன. வரைபடத் தாள் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாவது சோதனையின் நடுவில் அது தெரியவரும். கடைக்குப் போனவர் திரும்பி வந்து உட்கார்வதற்குள் அன்றைய இரவு போய்விடும். முதல் படி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. "நோட்டைத் திறந்து தேதியை எழுது" என்பதே போதும். கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். கேட்காத வேலைகளை ஆலோசனை என்ற பெயரில் சேர்ப்பது இந்தக் கருவிகளின் பிறவிக் குணம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒரு படி என்ற முறை ஏ.டி.எச்.டி. உள்ளவருக்குப் பொருந்தும் அளவுக்கு ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் பொருந்துவதில்லை. அடுத்து என்ன வரும், எங்கே முடியும் என்று தெரியாமல் இருப்பதே அவர்களில் பலருக்குப் பதற்றம் தரும். அவர்களுக்கு முழுப் பட்டியலையும் முதலிலேயே காட்டச் சொல்ல வேண்டும். திட்டம் மாறினால் எந்த வரி மாறியது என்பதையும் குறிக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு "மொத்தம் 6 படி, இது 2ஆவது" என்று எண்ணைச் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கேட்பது ஒத்துவரும்.

உரையாடும் செயலிகளில் இவ்வளவும் எழுதிக் கேட்பதே சிலருக்குச் சுமை. பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராம் டி பைசர் உருவாக்கிய 'காப்ளின் டூல்ஸ்' இணையதளத்தில் வேலையின் பெயரை மட்டும் எழுதினால் படிகளாகப் பிரித்துத் தரும். கணக்குத் தொடங்காமலே இலவசமாகப் பயன்படுத்தலாம். எவ்வளவு பொடிப்பொடியாகப் பிரிக்க வேண்டும் என்பதை மிளகாய்களின் எண்ணிக்கையால் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவையே காரத்தை உச்சத்தில் வைத்தால் பட்டியல் நீண்டுவிடும். குறைவாக வைத்துப் பிரித்து, மலைப்பாகத் தோன்றும் ஒரே ஒரு படியை மட்டும் மேலும் உடைத்துக்கொள்வது நல்லது.

இனி நேரம். எவ்வளவு நேரம் ஆகும் என்று குறைத்துக் கணிப்பது மனித இயல்பு என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். நேர உணர்வு மங்கலாக இருப்பவர்களிடம் இது இன்னும் கூடுதல். ஏ.ஐ. தரும் நிமிடக் கணக்கு உங்களைத் தெரிந்து போட்ட கணக்கல்ல, பொதுவான ஊகம். எனவே அது 20 நிமிடம் என்றால் 35, 40 என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அடிக்கடி செய்யும் ஐந்தாறு வேலைகளுக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை கேட்கும்போது அந்த எண்களையும் கொடுங்கள். குளித்து உடை மாற்ற 35 நிமிடம் ஆகிறவருக்கு 15 நிமிடத் திட்டம் போட்டுக் கொடுத்தால் அது காலை 8 மணிக்கே குலையும். குலைந்த பிறகு அன்றைக்கு வேறு எதையும் தொடத் தோன்றாது.

சமையலில் இந்தக் குறை கண்கூடு. சாதம், சாம்பார், ஒரு பொரியல் என்று கேட்டால், ஒன்று முடிந்து இன்னொன்று என்ற வரிசையில்தான் பெரும்பாலும் எழுதித் தரும். அடுப்பு இரண்டா, குக்கர் ஒன்றா என்று நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. "பருப்பை வேகவைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். கழுவுவது, தண்ணீர் அளப்பது, மஞ்சள்தூள், கேஸ்கட், வெயிட், விசில் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கின்றன. விசில் நின்ற பின் ஆவி அடங்க ஆகும் 10 நிமிடம் கணக்கில் வராமலே போய்விடுவது வழக்கம். அந்த 10 நிமிடத்தில்தான் ஆள் பால்கனிக்குப் போய் வேறு ஏதோ செய்ய ஆரம்பிக்கிறார். "காத்திருக்கும் நேரங்களைத் தனி வரியாகப் போடு, அந்த நேரத்தில் சமையலறைக்குள்ளேயே செய்யக்கூடியதைச் சொல்" என்று கேட்க வேண்டும். படிகளையும் 'இது நடந்ததும் அது' என்று கோத்துத் தரச் சொல்லலாம்: குக்கரை அடுப்பில் ஏற்றியதும் புளியை ஊறப்போடு, முதல் விசில் வந்ததும் காய் நறுக்கு. இப்படி ஒரு நிகழ்வோடு முடிச்சுப்போட்ட திட்டங்கள் வெறும் தீர்மானங்களைவிடக் கூடுதலாக நிறைவேறுகின்றன என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990களிலேயே காட்டின.

இன்னொரு பொறி உண்டு. "அரை மணி கழித்து ஞாபகப்படுத்து" என்றால் "கண்டிப்பாக!" என்று பதில் வரும், அதோடு சரி. சாதாரண உரையாடலில் அந்தக் கருவி நமக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நினைவூட்டல் வசதி தனியாக உள்ள செயலிகளும் இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று அறிய, 2 நிமிடம் கழித்து நினைவூட்டச் சொல்லிச் சோதியுங்கள். மாத்திரை, தேர்வுக் கட்டணக் கெடு, ரயில் போன்றவற்றை எப்படியும் போன் அலாரத்தில் போடுவதுதான் பாதுகாப்பு. அலாரத்துக்குப் பெயர் வைக்கும்போது "மாத்திரை" என்று வைக்காமல் "எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேல் உள்ள மாத்திரையைப் போடு" என்று செயலாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வைத்தால் காது பழகிப்போய், கை தானாக அணைத்துவிடும்.

போன் கையில் இருப்பதே ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். படி கேட்கத் திறந்தவர் ரீல்ஸில் முடிப்பது சகஜம். முதல் மூன்று படிகளை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். திட்டம் போடுவதற்கும் 5 நிமிட டைமர் வையுங்கள். பட்டியலை அழகாக்குவது, வண்ணம் கொடுப்பது, இன்னும் நல்ல செயலி தேடுவது எல்லாமே வேலை செய்வது போன்ற திருப்தியைத் தருகிற ஒத்திப்போடல்தான்.

தலைக்குள் பத்து விஷயங்கள் ஒரே நேரத்தில் முட்டும்போது எழுத வராது. அப்போது குரல்வழித் தட்டச்சில் மூன்று நிமிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு, "இதை இன்று, இந்த வாரம், இப்போதைக்கு வேண்டாம் என்று மூன்றாகப் பிரி, 'இன்று' பகுதியில் மூன்றுக்கு மேல் வேண்டாம்" என்று கேளுங்கள். ஆங்கிலம் கலந்த பேச்சுத் தமிழில் தேதிகளும் ஊர்ப்பெயர்களும் தவறாகப் பதிவாகும். எண்களை மட்டுமாவது ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பதில் பாடப்புத்தகத் தமிழில் வந்தால், "வீட்டில் பேசுவதுபோல், ஒரு வரிக்கு எட்டுச் சொல்லுக்குள்" என்று சொன்னால் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளும்.

அலுவலகத்தில் வேறு சிக்கல். "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க" என்று மேலதிகாரி அனுப்பிய செய்தி கோபமா, சாதாரணமா, சீக்கிரம் என்றால் இன்றா நாளையா என்று ஆட்டிசம் உள்ள ஊழியர் ஒரு மணி நேரம் மல்லாடக்கூடும். ஏ.ஐ.யும் அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்ததில்லை. "இவர் கோபமாக இருக்கிறாரா?" என்று கேட்டால் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து உறுதியாகச் சொல்லிவிடும். அதைவிட, என்னென்ன பொருள்கள் இருக்கலாம் என்று இரண்டு மூன்று கேட்டு, கெடுவைத் தெளிவாகக் கேட்கும் ஒரு வரிப் பதிலை எழுதி வாங்கி அனுப்புவது மேல்: "சார், இன்று மாலை 5 மணிக்குள் போதுமா?"

அரசு விண்ணப்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இ-சேவை மையத்துக்கு என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம் என்று கேட்டால், தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதிவிடும். பழைய விவரமும் கலந்துவரும். மையத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்ற கேள்விப் பட்டியலை அதனிடம் தயாரிக்கலாம். விடையை மையத்திலிருந்துதான் வாங்க வேண்டும். மருந்தின் அளவு, நிறுத்துவது, மாற்றுவது பற்றி அதனிடம் கேட்கவே கூடாது. மனம் மிகவும் தளர்ந்திருக்கும்போது பேச 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இருக்கிறது. அங்கே மனிதர்கள் எடுப்பார்கள்.

இந்தக் கருவிகள் நாம் சொல்வதற்கு ஒத்தூதும் என்பதும் தெரிந்திருக்கட்டும். "இன்று முடியவில்லை, நாளை செய்கிறேன்" என்றால் ஆறுதல் சொல்லி வழியனுப்பிவிடும். சில நாட்கள் அது தேவைதான். கெடு இருக்கும் வேலையில், "நான் தள்ளிப்போடக் கேட்டால் முதலில் கெடுவைச் சொல், பிறகு 5 நிமிடப் படி ஒன்றைத் தா" என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். இத்தகைய கட்டளைகள், உங்களுக்குப் பிடித்த முறை, உண்மையில் ஆகும் நேரங்கள் எல்லாவற்றையும் ஒரு பத்து வரிக் குறிப்பாகப் போனில் சேமித்து, ஒவ்வொரு புதிய உரையாடலிலும் முதலில் ஒட்டுங்கள். உரையாடல் மிக நீண்டால் தொடக்கத்தில் சொன்னதைக் கோட்டைவிடும். வேலைக்கு ஒன்றாகப் புதிதாகத் தொடங்குவதே சரி. அந்தக் குறிப்பில் ஆதார் எண், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண், பள்ளியின் பெயர், நோயின் பெயர் எதுவும் தேவையில்லை. "எனக்குத் தொடங்குவது கடினம், சின்னப் படிகள் வேண்டும்" என்றால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே முதலில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பழகுங்கள். ஆனால் அதைக் கண்காணிப்புக் கருவியாக்க வேண்டாம். எத்தனை படி முடித்தாய் என்று அம்மா இரவில் உரையாடலைத் திறந்து பார்ப்பார் என்று தெரிந்த நாளிலிருந்து, பிள்ளை செய்யாததையெல்லாம் "முடிந்தது" என்று எழுதத் தொடங்கும்.

கல்வி நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை. அதனால் ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள மாணவர் கையில் காட்டுவதற்குச் சான்றிதழ் இருக்காது, சலுகை ஆசிரியரின் மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது. இந்த நிலையில் "ஏ.ஐ. பயன்படுத்தினால் மதிப்பெண் கிடையாது" என்று ஒரே வரியில் தடை போட்டால், விடையை எழுதி வாங்கியவரும் வேலையைப் பிரித்துக் கேட்டவரும் ஒரே தண்டனைக்கு ஆளாவார்கள். "வேலையைப் படிகளாகப் பிரிக்கவும், நேரம் திட்டமிடவும், அறிவிப்பை எளிமையாகப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தலாம், விடையையோ கட்டுரையையோ எழுதப் பயன்படுத்தக் கூடாது" என்று விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால், சான்றிதழ் கேட்காமலே எல்லோருக்கும் பொருந்தும். கூடவே, ஒப்படைப்புகளை வகுப்பில் வாய்மொழியாக மட்டும் சொல்லாமல், கெடு, பக்க அளவு, யாரிடம் கொடுப்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் தந்தால், பாதிப் பேர் ஏ.ஐ.யிடம் போகவே தேவை இராது.

இப்படிக்கு,
ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள், சிறப்பாசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.