தாலி கட்டும் நிமிஷத்துக்கு முன்னால்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உன் சினேகிதியின் அக்கா கல்யாணத்துக்குக் காசு வாங்கிப் படம் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். தொழில் தொடங்கு, ஆனால் 17 வயதில் முதல் வேலையாகக் கல்யாணத்தைத் தனியாக ஒப்புக்கொள்ளாதே. தாலி கட்டுவது ஒரே நிமிஷம். தவறிவிட்டால் திருப்பிக் கட்டச் சொல்ல முடியுமா? பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு என்று நாலைந்து எடுத்துவிட்டு வா. இந்தக் கல்யாணத்துக்கு, கை பழகிய ஒருவருக்கு இரண்டாவது கேமராவாக நில்.

ஹால் வெளிச்சம்தான் உன்னைப் படுத்தும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை; ஒவ்வொரு அலைக்கும் விளக்கு இரண்டு தடவை மங்கும். அதனால் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடி என்று வைத்தால் படத்தில் குறுக்கே மங்கல் பட்டை விழும். 1/100-இல் வைத்தால் ஒரு துடிப்பு முழுசாக உள்ளே வந்துவிடும், பட்டை வராது. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்வு ஐ.எஸ்.ஓ. 3200 என்று ஆரம்பித்து முகத்தைப் பார்த்துச் சரிசெய். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை நம்பி வெளிச்சம் அளந்தால் முகங்கள் கறுத்துவிடும். 1/100-இல் அட்சதை கோடாக இழுக்கும். ஃபிளாஷ் அடித்தால் அரிசி அந்தரத்தில் நிற்கும். ஃபிளாஷை வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி மேலே திருப்பு. கூரையில் ரோஸ் துணி கட்டியிருந்தால் எல்லார் முகமும் ரோஸாகிவிடும், அப்போது பக்கத்துச் சுவரைத் தேடு. ஹோமப் புகைக்கு நேராக அடிக்காதே. வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, படம் பால் ஊற்றியது போல ஆகும்.

சிவப்புப் பட்டு இன்னொரு வம்பு. மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருப்பது போலக் காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, புடவை நெசவே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகப் போயிருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பார். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை, கேமரா திருத்தாமல் தரும் ரா கோப்பில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளை எந்தப் பக்கம் குனிவார் என்று ஐயரிடம் முன்பே கேட்டு இடம் பிடி. கெட்டிமேளம் கேட்ட பிறகு மேடை ஏறினால் மாமாக்களின் முதுகும் செல்போன்களும்தான் கிடைக்கும்.

24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 25 முதல் 30 எம்.பி. வரும். 64 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய 2000 படம். உன் கேமராவில் ஒரே கார்டுதான் போட முடியும் என்பதால் தாலிக்கு முன்னும் பின்னும் கார்டை மாற்று. எடுத்த கார்டு ஜிப் வைத்த பையில் இருக்கட்டும். அன்று இரவே இரண்டு டிஸ்கில் நகல், அதில் ஒன்று வேறு வீட்டில். படங்களை ஒப்படைக்கும்வரை கார்டை அழிக்காதே.

விலை சொல்லும்போது 5 மணி நேர வேலை என்று நினைக்காதே. 1200 படத்தில் 350 பொறுக்கி நிறம் திருத்த இன்னும் 8, 10 மணி போகும். ராத்திரி டாக்ஸி வேறு. உறவுக்காரர் "பார்த்துப் போடும்மா" என்றால் ஒன்று இலவசமாகச் செய், இல்லை முழு விலை வாங்கு. அதிகக் குறை சொல்வது பாதி விலை கொடுத்தவர்கள்தான்.

எழுதிக் கையெழுத்து வாங்காமல் போகாதே. 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே. எடுத்தது நீ என்றாலும், இன்ஸ்டாகிராமில் போட அவர்கள் அனுமதி அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரைத் தனியாகக் கேள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், என்றைக்குக் கொடுப்பாய், பாதி முன்பணம் எல்லாம் அதில் வரட்டும். இங்கே 18 ஆனால்தான் மேஜர். அதனால் உன் கையெழுத்தோடு என்னுடையதும் வேண்டும்; தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பு, பிரிண்ட் எடுத்துப் போட்டுத் தருகிறேன்.

தைப்பூசக் காவடியைப் படம் எடுக்கப் போனால், டர்பன் புழுக்கத்தில் ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதே. லென்ஸில் நீர் பூத்துவிடும். மூடிய பையிலேயே அரை மணி இருக்கட்டும்.

ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் பேட்டரி நாலு போதாது, பன்னிரண்டு வாங்கு. காசு அனுப்புகிறேன்.

அப்பா