வசந்தாவின் கட்டியும் என் பழைய சோதனைக் குழாயும்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. சோம்பலில் பதில் போடாமல் இருக்கவில்லை. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டளை. நேற்றுத்தான் விடுதலை. கட்டுப் பிரித்த அன்று சுவரைப் பார்த்தேன். வெள்ளை இவ்வளவு வெள்ளையாகவா இருக்கும் என்று தோன்றியது. இன்னும் ஆபரேஷன் ஆகாத வலது கண்ணுக்கு அதே சுவர் பழுப்பு மஞ்சள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும் மாற்றிப் பார்ப்பதுமாக நாள் போகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள்.

லேபில் வேலையில் இருந்த கடைசி வருஷங்களில், கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டில் எத்தனை வெள்ளைக் காலனியை, அதாவது கிருமிக் கூட்டத்தை, தங்க நிறம் என்று எழுதித் தொலைத்தேனோ! நல்லவேளை, நிறத்தை மட்டும் நம்பி நாங்கள் ரிப்போர்ட் கொடுப்பதில்லை. இந்தத் தங்க நிறப் பேச்சு உன் தோளில்தான் கொண்டுபோய் விடும், பொறு.

உன் பெண்ணுக்கு வேலை மாறியதில் சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகும் நீ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் இன்னும் சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, “தோளில் மூன்றாவது தடவையாகக் கட்டி, எனக்கு எதிர்ப்புச் சக்தியே போய்விட்டதாம், ஏதோ பொடி கொடுத்திருக்கிறார்கள்” என்று, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. உடம்புக்கு எது வந்தாலும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பொடி விற்கிறவர்கள் மேல்.

கட்டி உடைந்தபோது வந்த சீழைப் பார்த்திருப்பாய். அதில் பெரும்பகுதி செத்துப்போன வெள்ளணுக்கள். நியூட்ரோஃபில் என்கிற வகை. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்கி அனுப்புகிறது. வெள்ளணு அடியோடு குறைந்துபோன நோயாளிகளுக்குப் புண்ணில் சீழே பிடிக்காது. அப்படிப்பட்ட புண்ணைப் பார்த்தால்தான் நாங்கள் பயப்படுவோம். எதிர்ப்பு இல்லாதவளுக்கு இவ்வளவு பெரிய கட்டி வராதடி. உன் ஆட்கள் ஓடி வந்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், குவியலாகச் செத்திருக்கிறார்கள். எதிரில் இருந்தவன் சாமானியன் இல்லை, அவ்வளவுதான்.

யார் அவன் என்று கல்ச்சர் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட கட்டிகளில் முதல் சந்தேகம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மேல்தான். அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1880இல் நோயாளியின் சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் குலை போல உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. கிரேக்கத்தில் திராட்சைக் கொத்துக்கு உள்ள சொல்லையே பெயராக வைத்தார். ‘ஆரியஸ்’ என்றால் பொன்னிறம். 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் சேர்த்தது.

ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்த ஒரு விஷயம் சொல்கிறேன். முப்பது வருஷமாக இந்தக் கிருமியை அடையாளம் காண நான் செய்த சோதனைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே நம் உடம்பிடமிருந்து அது தப்பிக்கும் வழிகளைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. திருடனின் சாவிக்கொத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பூட்டுக்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நிறத்தையே எடுத்துக்கொள். நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கியதும் அதன் மேல் ஆக்சிஜனிலிருந்து செய்த கடுமையான ரசாயனங்களைக் கொட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு, நாம் துணி வெளுக்கும் பிளீச்சுக்கு ஒப்பான அமிலம், இப்படி. அந்தப் பொன்னிறச் சாயம் இவற்றைத் தாங்கிக்கொள்ளும் கேடயம். 2005இல் வந்த ஓர் ஆய்வில் சாயம் செய்யும் மரபணுவை எடுத்துவிட்டார்கள்; வெளுத்துப்போன கிருமிகளை வெள்ளணுக்கள் சுலபமாகக் கொன்றன. வேறொரு கிருமிக்கு அந்தச் சாயத்தைக் கொடுத்தார்கள், அது கெட்டிப்பட்டுவிட்டது.

அடுத்தது கேட்டலேஸ் என்ற நொதிக்கான சோதனை. ஸ்லைடில் துளியூண்டு காலனியை வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். குபுகுபுவென்று நுரை வரும். கிருமி அந்தப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப் போடுகிறது. வெள்ளணு அதன் மேல் வீசுவதும் இதே பெராக்சைடுதான். என் கண்முன் ஓர் ஆயுதம் நமத்துப்போவதைத்தான் நாளுக்கு நாற்பது தடவை பார்த்து ‘பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கிறேன்! தோலில் சும்மா குடியிருக்கும் சாதுக் கிருமிகளிடமும் கேட்டலேஸ் உண்டு. அதனால்தான் அதோடு நிறுத்தாமல் கோயாகுலேஸ் போடுவோம்.

கோயாகுலேஸ் கதையை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன், வெட்கம். சேர்ந்த முதல் வருஷம். சின்னக் கண்ணாடிக் குழாயில் பிளாஸ்மா (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்) ஊற்றி, அதில் கிருமியைக் கலந்து, 37 டிகிரியில் வைக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் குழாயை மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஆரியஸ் என்றால் பிளாஸ்மா ஜெல்லி போல உறைந்து நிற்கும். அன்று மதியத்துக்கு மேல் வைத்தேன், சாயங்காலம் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து சாய்த்தால் தண்ணீராக ஓடியது. ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தேன். அது ஆரியஸேதான். ராத்திரி உறைந்து, விடிவதற்குள் கரைந்துவிட்டது. எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா கத்தவில்லை. அந்தக் குழாயை என் மேஜையில் வைத்து, “இன்றைக்கு முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிரு” என்றார்.

எதற்காக உறைய வைத்து எதற்காகக் கரைக்கிறது என்று அப்போது புரியவில்லை. உடம்புக்குள் நுழைந்ததும் நம் ரத்தத்தின் உறைபொருளையே தன்னைச் சுற்றி வேலியாகக் கட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் வெள்ளணுவுக்கு அது நம் காயத்தின் பொருக்கு மாதிரி இருக்கும், நெருங்கவும் வழியில்லை. உள்ளே பெருகி இடம் போதாமல் போனதும் ஸ்டெஃபிலோகைனேஸ் என்ற இன்னொரு புரதத்தை வைத்து, உறைவைக் கரைக்கும் நம்முடைய நொதியைத் தட்டி எழுப்புகிறது. வேலி கரைகிறது, கும்பல் நகர்கிறது. கட்டவும் நம் சரக்கு, இடிக்கவும் நம் சரக்கு. என் மேஜையில் அன்று முழுக்க இருந்தது அந்த இரண்டாம் பாகம்.

கிருமியைப் பிடிக்க நம் உடம்பு செய்யும் புரதமான ஆன்டிபாடி விஷயம் இதைவிட விநோதம். ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து மாதிரி இருக்குமே, அதன் இரண்டு கைகள் கிருமியைப் பிடிக்கும். கீழே இருக்கும் தண்டை வெள்ளணு பிடித்துக்கொண்டு விழுங்கும். ஆரியஸ் தன் மேல் ‘புரோட்டீன் ஏ’ என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அது ஆன்டிபாடியைத் தண்டுப் பக்கமாகப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும். வெள்ளணு வந்து தேடினால் பிடிக்க ஒன்றும் இல்லை. கைகள் வெளியே காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்தாகப் பயன்படும் ஆன்டிபாடிகளைத் தொழிற்சாலைகளில் சுத்தம் செய்வதும் இதே புரோட்டீன் ஏ-யை வைத்துத்தான்.

இன்னும் ஒன்று, இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நியூட்ரோஃபில் சாகும் நேரத்தில் தன் டிஎன்ஏ-வையே வலையாக வெளியே வீசும் என்பது 2004இல்தான் தெரியவந்தது. கிருமிகள் அந்த வலையில் சிக்கிக்கொள்ளும். நாங்கள் டிஎன்ஏஸ் தட்டு என்று ஒன்று வைத்திருந்தோம். ஆரியஸ் வளர்ந்த இடத்தைச் சுற்றி டிஎன்ஏ வெட்டுப்பட்டுத் தெளிவான வளையம் விழும். அந்த வெட்டுக்கத்தி இந்த வலைக்குத்தான். அதோடு விட்டதா? வெட்டிய துண்டுகளை டியாக்ஸிஅடினோசின் என்ற பொருளாக மாற்றுகிறது. அது மேக்ரோஃபேஜ் என்கிற பெரிய விழுங்கணுக்களைக் கொல்லும். நம் வீரன் உயிரைக் கொடுத்து வீசிய வலை, பின்னால் வருகிறவனுக்கு விஷம்.

ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பதில் இருக்கிறது. வெள்ளணுக்களை அழைக்கும் சமிக்ஞையை அடைக்க ஒரு புரதம், கிருமியைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களின் தொடரை நடுவிலேயே நிறுத்த ஒரு புரதம், வெள்ளணுவின் சவ்வில் ஓட்டை போட நஞ்சுகள். இவற்றில் பல மனித உடம்பில்தான் சரியாக வேலை செய்யும், எலியிடம் எடுபடாது. அதனால் எலியை வைத்துச் செய்த கணக்கு மனிதரிடம் தப்பிப்போகிறது. எலிகளைக் காப்பாற்றிய தடுப்பூசிகள் மனிதர்களிடம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். இன்றுவரை இதற்குத் தடுப்பூசி கிடையாது.

நிமோனியா தரும் நியூமோகாக்கஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதனிடமும் தந்திரங்கள் உண்டு என்றாலும், பெரும்பாலும் அது நம்பியிருப்பது ஒரே ஒரு வழவழப்பான சர்க்கரை உறையை. வெள்ளணுவின் பிடி வழுக்கும். 1928இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எலிகளில் காட்டினாரே, வழவழப்பு உள்ளது கொல்லும், இல்லாதது கொல்லாது என்று. அந்த உறைக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கினால் போதும், ஆட்டம் முடிந்தது. தடுப்பூசி செய்வது அதைத்தான். உறையில் நூறுக்கும் மேற்பட்ட ரகம் இருப்பதுதான் தொல்லை. காசநோய்க் கிருமியோ வேறு ரகம். மேக்ரோஃபேஜ் விழுங்கட்டும் என்று விட்டுவிட்டு, செரிக்கும் பை தன்னோடு சேராதபடி தடுத்து, அதற்குள்ளேயே வருஷக்கணக்கில் இருந்துகொள்ளும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கண் டாக்டர் என்னைத் திட்டுவார்.

நீ கேட்டிருந்தாய், ‘நோய்க்கிருமி என்று தனியாக ஒரு ஜாதி இருக்கிறதா?’ என்று. ஃபிளெமிங் கதை சொன்னால் உனக்குப் பிடிக்கும், பென்சிலினுக்கு முந்தியது. சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச் சளியையே கிருமித் தட்டில் இட்டுப் பார்த்தார். ஒரு கிருமி கரைந்துபோனது. கண்ணீர், எச்சில் எல்லாவற்றிலும் அந்தப் பொருள் இருந்தது. லைசோசைம் என்று பெயர் வைத்து 1922இல் எழுதினார். ஆனால் அது நன்றாகக் கரைத்ததெல்லாம் தீங்கற்ற கிருமிகளை. நோய் தருபவற்றில் பெரும்பாலானவை அசையவில்லை. மருந்தாகாது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். கணக்கு டீச்சரான நீ இதைத் திருப்பிப் போட்டுப் பார். லைசோசைமில் கரைகிறவை நம்மிடம் கால் ஊன்றவே முடியவில்லை, அதனால்தான் அவை தீங்கற்றவை. கரையாமல் நின்றவற்றுக்கு நாம் வைத்த பெயர் நோய்க்கிருமி. ஆரியஸ் தன் சுவரில் ஒரு சின்ன ரசாயன ஒட்டு போட்டு வைத்திருக்கிறது, லைசோசைமின் கத்தரி அங்கே நுழையாது. நம் மூக்கிலேயே அது சுகமாக இருப்பது அப்படித்தான். சுமார் மூன்றில் ஒருவருக்கு மூக்கில் இருக்கிறது, எந்தத் தொந்தரவும் இல்லாமல்.

இதை மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. போன கடிதத்தில் குழப்பியிருந்தாய். அது மாத்திரையிடமிருந்து தப்பிப்பது, ஒரு நூறு வருஷத்துக்குள் நம் கண்முன் பெருகியது. இது உடம்பிடமிருந்து தப்பிப்பது, யுகக் கணக்கு.

சரி, நீ செய்ய வேண்டியது. பொடியை நிறுத்து. கட்டியைப் பிதுக்காதே, அந்த வேலியை நீயே உடைத்துவிட்டது போலாகும். டாக்டரிடம் போய்ச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல், மூக்கிலும் பஞ்சு விட்டுப் பார்க்கச் சொல். மூக்கில் இருப்பதும் கட்டியில் இருப்பதும் ஒன்றுதான் என்றால், மூக்கில் தடவ மருந்து இருக்கிறது; அங்கே ஒழித்தால்தான் தோளுக்குத் திரும்பி வராமல் இருக்கும். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடு. சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகும். உன் விஷயத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்று யாராவது சொல்ல இடம் இருந்தால் அது ஒன்றுதான். காய்ச்சல் குளிரோடு வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அதற்குள் வலது கண்ணும் ஆகியிருக்கும், பூதக்கண்ணாடி இல்லாமல் படிப்பேன். ‘கோயாகுலேஸ்’ என்று ஒரு வரி இருக்கும். நெகட்டிவ் என்று போட்டிருந்தால், குழாயை எத்தனை மணிக்குச் சாய்த்துப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு வா.

உன்,
கமலா